வாயைத் திறக்கும் மாப்பிள்ளை

"வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறவனயா கட்டிக்கப் போற?" என்று கோகிலம் கத்தியது றக்வானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வரிசை முழுக்கக் கேட்டது.

"அது காதுக்கு நல்லதும்மா!" என்று மகள் வாசுகியும் விடாமல் கத்தினாள்.

விஷயம் இதுதான். சமையல் வேலை என்று ஏஜென்சிக்காரன் சொன்னதை நம்பி வெளிநாடு போன தவசீலனை, அங்கே நடந்த சண்டையில் பீரங்கிக்குக் குண்டு தூக்க விட்டுவிட்டார்கள். ஒரே ஒரு ஊரைப் பிடிக்க, குளிர்காலம் முழுக்கப் பனியில் நின்று பீரங்கிகள்தான் சண்டை போட்டனவாம். வெடிக்கும் நேரம் வாயைத் திறந்திருந்தால் காது தப்புமாம். திரும்பி வந்தும் அந்தப் பழக்கம் அவனை விடவில்லை.

தாயும் மகளும் போட்ட சண்டைக்கு நடுவிலேயே, வாசலில் நின்ற தவசீலன் வாயைத் திறந்தான். வாசுகியும் திறந்தாள். அதைப் பார்த்த அதிசயத்தில் கோகிலத்துக்கும் வாய் பிளந்தது. வேடிக்கை பார்க்க வந்த பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் மாரியாயி மட்டும் சிரிப்பை அடக்க, வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டாள். சத்தம் எதுவும் கேட்கவில்லை. பலகையில் கவிழ்த்திருந்த தம்ளர்கள் மட்டும் குலுங்கி அடங்கின.

அன்றிலிருந்து மாரியாயிக்கு வலது காது கேட்பதில்லை. ஊர்க்கதையெல்லாம் இடது காதில்தான் வாங்கிக்கொள்கிறாள்.

"கல்யாணத்தத் தையிலயே வச்சிக்குவோம் தம்பி," என்றாள் கோகிலம்.

கல்யாணம் முடிந்து இருவரும் ரம்புக்கனைக்குக் குடிபோனார்கள். இப்போதும் கொழுந்து பறிக்கும்போது கோகிலம் சட்டென்று வாயைத் திறப்பாள். உடனே மலை முழுக்கப் பெண்கள் பறிப்பதை நிறுத்தி, வாயைத் திறந்துகொண்டு நிற்பார்கள். ரம்புக்கனையில் மகளும் அதே நேரம் திறந்திருப்பாளா என்பது ஒன்றுதான் கோகிலத்துக்குக் கவலை.