கும்பிடப் போகும் சிலை

நகராட்சித் தலைவர் கனியமுதனின் வெண்கலச் சிலை மிக மெதுவாக நகரும். அகல விரித்த கைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குவித்து, ஐந்தாம் வருடம் தேர்தலன்று ஊரைக் கும்பிட்டு நிற்கும்படி சிற்பி மரகதவல்லி அதைச் செய்திருந்தாள். தேர்தலோ ஒரு வருடம் முன்னாலேயே வந்துவிட்டது. சிலையின் கைகள் இன்னும் ஒரு முழம் விலகியிருந்தன.

தலைவர் பட்டறைக்கு ஓடி வந்தார்.

"ஏம்மா, எவ்வளவு சுருட்டினேன்னு நானே அளவு காட்டுறேனாம்! டீக்கடையில சிரிக்கிறானுங்க. சட்டுனு கையைச் சேர்த்து வைம்மா!"

"அவசரப்படுத்தினா கை ஒடிஞ்சிடும் தலைவரே."

"அப்ப நான் என்னத்தச் சொல்லி ஓட்டுக் கேக்குறது?"

அரத்தைக் கீழே வைக்காமலே மரகதவல்லி சொன்னாள்:

"தினமும் குறைஞ்சுக்கிட்டேதான் வருதுன்னு சொல்லுங்க."