முள் இல்லாத மீட்டர்

"என்ர வெள்ளைப் பிரம்பை அறைக்குள்ள ஒளிச்சு வையும்," என்று மனைவி செல்வமலரிடம் சொன்னார் நகுலேஸ்வரன். "எனக்குக் கண் தெரியாதெண்டு துஷாந்தனுக்குச் சொல்லேல்லை. தெரிஞ்சால் பாவம் பாப்பார். பேந்து என்னோட வாதாடவே மாட்டார்."

கனடாவின் லவால் நகரில் இருக்கும் துஷாந்தனோடு ஆறு வருடங்களாக அமெச்சூர் ரேடியோவில்தான் பேச்சு. நகுலேஸ்வரனின் அன்டெனா சரிவரவில்லை என்றதும், அதைச் சரிபார்க்கும் மீட்டரோடு தானே வருவதாகத் துஷாந்தன் சொல்லியிருந்தார்.

மணி அடித்தது. செல்வமலர் கதவைத் திறந்து, வந்தவரை ரேடியோ அறைக்குக் கூட்டிவந்தாள். மேசையில் மீட்டரை வைக்கும் சத்தம் கேட்டது.

நகுலேஸ்வரனுக்கு வியர்த்தது. "முள்ளு எதில நிக்குதெண்டு நீங்களே பாருங்கோவன், தம்பி."

"இதில முள்ளே இல்லை, அண்ணை. இது கூவும். நீங்கள் குமிழைத் திருகுங்கோ. அன்டெனா சரிவரச் சரிவரச் சத்தம் இறங்கும். காது போதும்."

நகுலேஸ்வரன் திருகினார். கூவல் மெல்ல மெல்ல இறங்கி அடங்கியது. அப்பாடா, தப்பியாயிற்று!

செல்வமலர் தேத்தண்ணியோடு வந்தாள்.

"இஞ்சாருங்கோ, ஒளிச்சு வச்ச உங்கட பிரம்பை எடுத்து வாசலில வைக்கட்டோ? தம்பியின்ர வெள்ளைப் பிரம்பு அங்க தனிய நிக்குது."