பெயர் மாற்றம்

ஏசியின் இரைச்சலுக்கு அடியில் விசைகள் தட்டும் சத்தம் மட்டும் கேட்கிறது. கம்பெனி கைமாறி ஒரு மாதமாகிறது. மேசைதோறும் புதிய முதலாளிகளின் சின்னம் போட்ட கோப்பைகள். யாரும் அவற்றில் குடிப்பதில்லை, பேனா போட்டு வைத்திருக்கிறார்கள். கண்ணாடிச் சுவரில் பழைய பெயரைச் சுரண்டி எடுத்த இடம் மட்டும் பளிச்சென்றிருக்கிறது. மாலை வெயில் அங்கே பட்டுக் கண் கூசுகிறது. மென்பொருளுக்குள் பழைய பெயர் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் புதியதை வைப்பது இங்கே ஒரு இன்ஜினியரின் வேலை. ஒரே கட்டளையில் முடித்துவிட்டு விரல்களுக்குச் சொடுக்கெடுத்துக்கொண்டிருக்கிறார். எதிர் மேசையில் டெஸ்டிங் பார்க்கும் பெண் தன் திரையை அவர் பக்கம் திருப்புகிறாள். அவள் பழைய முதலாளியின் மகள். அவள் பெயரைத்தான் அப்பா கம்பெனிக்கு வைத்திருந்தார்.

“அண்ணா, என் பேரையும் சேத்து மாத்திட்டீங்க.”

ஊழியர் பட்டியலில் அவள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கம்பெனியை வாங்கியவர்களின் பெயர் இருக்கிறது. அவர் நாக்கைக் கடித்துக்கொள்கிறார்.

“இரும்மா, இப்பவே சரி பண்ணிடறேன்.”

“அவசரமில்லண்ணா. அப்பா கையெழுத்துப் போட்டுக் குடுத்ததுதானே.”

திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். உள்ளே நுழையப் பெயர் கேட்கும் கட்டத்தில் அந்தப் புதிய பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறாள். மென்பொருள் அவளை உள்ளே விடுகிறது.