மூன்றாவது வருகை

"இன்னைக்கும் முடியாதும்மா, நாளைக்கு வா," என்றார் பெரியவர், கதவைப் பாதி திறந்தபடி.

தேசிய உடல்நலக் கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போய் இரத்தம் எடுக்கும் நர்ஸுக்குப் பொறுமை போனது. "நேத்து தலைவலின்னீங்க. இன்னைக்கு என்ன தாத்தா?"

"கால்வலி. நாளைக்கு எது வலிக்குதோ, பார்ப்போம்."

வேறு வழியில்லை. கணக்கெடுப்பு விதிப்படி, மறுத்தவர் வீட்டுக்கு மூன்று முறை போயே ஆகவேண்டும். அதற்குப் பதிலாகப் பக்கத்து வீட்டைச் சேர்க்கவும் கூடாது.

மூன்றாம் நாள் கதவு விரியத் திறந்திருந்தது. பெரியவர் சலவைச் சட்டை போட்டு, மேசைமேல் கையை நீட்டி உட்கார்ந்திருந்தார். எதிரே இன்னொரு நாற்காலி, தூசி தட்டித் துடைத்தது.

"முதல் நாளே கையை நீட்டியிருந்தா எனக்கு அலைச்சல் மிச்சம்," என்றாள், பெட்டியிலிருந்து ஊசியை எடுத்தபடி.

"நீட்டியிருந்தா நீ ஒரு தடவைதானே வந்திருப்பே? மூணு தடவை போகணும்னு ரூல் போட்டவனே நான்தாம்மா. முதல் சர்வேக்கு நான்தான் அதிகாரி."

அவள் இரத்தம் எடுத்து, பஞ்சை வைத்து அழுத்தினாள்.

"நாலாவது தடவைக்குத்தான் ரூல் போடாம விட்டுட்டேன்," என்றார் மெதுவாக.

அவள் பஞ்சிலிருந்து கையை எடுக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை பெட்டி இல்லாம, சும்மா வர்றேன் தாத்தா. திருப்பி அனுப்பிடாதீங்க."

"அன்னைக்கு எனக்கு எதுவும் வலிக்காதும்மா."