அடியெடுத்துக் கொடுத்தவள்

பெட்டியின் பூட்டு திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"அதான் இந்த நாட்டுல தங்க அனுமதி வந்துடுச்சே, இனிமே யாருக்குப் பயப்படணும்? அவளை வெளிய எடு" என்றார் கணவர். அழுது அழுது அவர் மூக்கு சிவந்திருந்தது.

ஊரில் எங்களை அடித்துத் துரத்தியது நிஜம். ஆனால் அடைக்கலம் கேட்க அந்த நிஜமான காரணம் இந்த நாட்டுச் சட்டத்தில் செல்லாதாம். வேறொரு சாமியைக் கும்பிட்டதற்காகத் துரத்தினார்கள் என்றால் செல்லும் என்றார் வக்கீல். ஆபத்துக்குப் பாவமில்லை என்று என் வீட்டுக்காரர் தலையாட்டினார்.

அன்றே எங்கள் குலதெய்வத்தின் படத்தைப் பழைய துணியில் சுற்றி, பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

மகள் அப்போது கைக்குழந்தை. சில வருஷம் கழித்து வரும் விசாரணையில் குழந்தையையும் கேட்பார்கள் என்பதால், இப்படி ஒருத்தி எங்களுக்கு இருந்ததைப் பற்றி அவளிடம் நாங்கள் மூச்சுகூட விட்டதில்லை. புதுச் சாமியின் பிரார்த்தனையைத்தான் சோற்றோடு சேர்த்து ஊட்டி வளர்த்தேன்.

அப்படியும், விசாரணையன்று அதிகாரி சொல்லச் சொன்னதும் பாதியில் திக்கி நின்றுவிட்டாள். போச்சு, மூட்டை கட்ட வேண்டியதுதான்.

குழந்தை அதிகாரியின் தோளுக்கு மேலே, வெறும் சுவரைப் பார்த்தாள். பிறகு கடைசி வரி வரை தடங்கலில்லாமல் சொல்லி முடித்தாள்.

புதுச் சாமியை நான் மனதாரக் கும்பிட்டது அன்றுதான். பொய்யாய்க் கும்பிட்டவளையும் கைவிடவில்லையே!

பூட்டு ஒருவழியாகத் திறந்தது. துணியை விலக்கினேன். பச்சைப் புடவையும் பெரிய மூக்குத்தியுமாக, வைத்தது வைத்தபடி இருந்தாள். மன்னித்துக்கொள் தாயே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது.

மகள் என் தோளில் தாடையை ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். தெரிந்தவரைத் தெருவில் பார்த்ததுபோல் சிரித்தாள்.

"ஐ, இந்த அம்மாவா! நான் மறந்துட்டப்ப இவங்கதாம்மா அந்த மாமா பின்னாடி நின்னு சொல்லிக் குடுத்தாங்க."

கணவர் மூக்குச் சிந்துவதை நிறுத்திவிட்டார்.

"நாம எழுந்து வந்ததும் நம்ம நாற்காலியில இவங்க வந்து உக்காந்தாங்க. இவங்களுக்கும் தங்க அனுமதி குடுத்துட்டாங்களாம்மா?"