எழுபத்திரண்டு டெசிபல்

“என் தலைல கை வெச்சு சத்தியம் பண்ணு நைனா. ராத்திரி பூரா கண்ண மூடக் கூடாது!”

ஆவடி அறிவியல் அருங்காட்சியகத்தின் வாசலிலேயே அப்பாவை வழிமறித்து நின்றாள் வர்ஷா. ஏழாம் வகுப்பு. முதுகில் பை, கக்கத்தில் சுருட்டிய பாய்.

“இன்னாமா இது? ராத்தங்கல்னு கூட்டிக்கினு வந்துட்டு தூங்காதன்றியே!” என்றான் வரதன்.

“நீ தூங்குனா குறட்டை வுடுவ. எங்க கிளாஸ்ல எட்டு பேர் வந்துகீறாங்க. அந்த ஜீவா ஒருத்தி போதும். திங்கக்கிழமை ஸ்கூல் பூரா பரப்பிடுவா. அப்புறம் நான் அந்தப் பக்கமே போவ முடியாது.”

அவள் பயம் நியாயமானதுதான். வரதனின் குறட்டை மேனாம்பேட்டில் இரண்டு தெருவுக்குத் தெரிந்த சங்கதி. கீழ்வீட்டுக்காரர் ஒருமுறை நடுராத்திரியில் கதவைத் தட்டி, “மோட்டாரை நிறுத்துங்க, தொட்டி ரொம்பி இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஃபேக்டரி சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கிக்கொண்டு வந்ததே மகளைச் சந்தோஷமாக வைத்திருக்கத்தான். அவளைத் தலைகுனிய வைப்பதா?

மகளின் உச்சந்தலையில் கை வைத்தான். “சத்தியமா தூங்க மாட்டேன். போதுமா?”

உள்ளே நேரம் ஓடியதே தெரியவில்லை. மொட்டைமாடி டெலஸ்கோப்பில் நிலாவைப் பார்த்தார்கள். சாம்பார் சாதம் சாப்பிட்டார்கள். கத்தினால் சிவப்பு விளக்குகள் மேலே ஏறும் சத்தமானி முன்னால் பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தினார்கள்.

“இந்த மீட்டரை ராத்திரி முழுக்க ஹால்லயே ஓட விடப்போறேன்” என்றாள் வழிகாட்டி மதிவதனி. “எல்லாரும் தூங்கறப்போ எவ்வளவு சத்தம் வருதுன்னு காலைல பார்க்கலாம்!”

வர்ஷா திரும்பி அப்பாவை ஒரு முறை முறைத்தாள். வரதன் அவசரமாக ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டான். மூலையில் பாயை விரித்து மகளைப் படுக்க வைத்துவிட்டு, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். விளக்குகள் அணைந்தன.

காலை ஆறு மணிக்கு எல்லோரும் மீட்டரைச் சுற்றிக் கூடினார்கள்.

“ரெண்டு மணி பத்து நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு டெசிபல்!” மதிவதனி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “ஹாலுக்குள்ள லாரி ஏதாவது வந்துச்சா?”

“நான் கேட்டேன் மிஸ்! குறட்டை! அந்த மூலைலேர்ந்துதான் வந்துச்சு!” ஜீவா கை நீட்டிய இடத்தில் வரதனும் வர்ஷாவும் நின்றிருந்தார்கள். வர்ஷாவின் முகம் சுண்டிப்போய்விட்டது.

வரதன் மெல்லக் கையைத் தூக்கினான். “நாந்தாம்மா. அசந்து பூட்டேன்.”

ஹால் மொத்தமும் சிரித்தது. ஜீவா குறட்டை விட்டே காட்டினாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது, எப்போதும் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொள்ளும் வர்ஷா பைக்கின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில்தான் வாயைத் திறந்தாள்.

“என் தலைல சத்தியம் பண்ணிட்டு தூங்கிட்ட இல்ல? எனக்கு எதனா ஆச்சுன்னா?”

“உனக்கு ஒண்ணும் ஆவாது கண்ணு.”

“அது எப்டி அவ்ளோ கரெக்டா சொல்ற?”

வரதன் ஆக்ஸிலேட்டரை முறுக்கினான்.

வீட்டில் நுழைந்ததும் வர்ஷா குளியலறைக் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள். ராணி புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். “இன்னாய்யா, கண்ணு ரெண்டும் கோவைப்பழமா கீது?”

வரதன் சத்தத்தை நன்றாகக் குறைத்துக்கொண்டு போனை நீட்டினான். ராத்திரி இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு, மீட்டரின் சிவப்பு வெளிச்சத்தில் எடுத்த வீடியோ. பாயில் மல்லாந்து, வாயைப் பிளந்து, ஹாலே அதிரக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள் வர்ஷா.

“அடப்பாவி!” ராணி வாயைப் பொத்திக்கொண்டாள். “உன் சத்தத்துல இத்தினி வருசமா இது எனக்குக் கேக்கவே இல்லியே!”

குளியலறைத் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. வரதன் வீடியோவை அழித்துவிட்டு, மகளிடம் இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்கப் போனான்.