ஆறு மணிப் புள்ளி

“ஒண்ணு போதாதா? ஒரே மலை, ஒரே பாதை. எதுக்கு ரெண்டு?”

“உங்களது உங்ககிட்ட இருக்கட்டும், என்னது என்கிட்ட இருக்கட்டும். ரெண்டுக்கும் சார்ஜ் போடுறது மட்டும் உங்க பொறுப்பு.”

கிளம்புவதற்கு முந்தின வாரம், அவளுடைய தையல் கடையில், கூட வரப்போகிறவர் கேட்டதும் அவள் சொன்ன பதிலும் இது. ஐந்தாம் நாள் மாலை, மலை ஓடைக்கரையில் ஒரு பாறை மேல் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு அது நினைவுக்கு வந்தது.

கையில் அந்த இரண்டு ஆரஞ்சு நிறக் கருவிகளில் அவளுடையது. சோப்புக் கட்டி அளவுதான். செல்போன் டவர் எட்டிப் பார்க்காத காட்டிலும் பொத்தானை அழுத்தினால், வீட்டில் இருப்பவர்கள் திரையில் ஒரு புள்ளி விழும்; நாலு வார்த்தைச் சேதியும் அனுப்பலாம். தினமும் மாலை ஆறு மணிக்குள் அவளுடைய புள்ளி அவள் மகனுக்கு, அவருடையது அவர் மகளுக்கு.

முதல் இரண்டு நாள் நல்ல வெயில்.

அவர் முதுகுப்பையில் நான்கு காது வைத்துத் தைத்து, சோலார் தகட்டை அவள்தான் மாட்டிவிட்டிருந்தாள். வெயில் எதிரே வந்தால் அவர் பையைத் திருப்பி மார்பில் போட்டுக்கொண்டு நடந்தார், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறவர் போல.

மூன்றாம் நாள் மேகம் வந்தது. வந்தது போகவில்லை.

செல்போன்களை அணைத்தார்கள். கேமரா கண்ணை மூடியது. பவர் பேங்கைக் கடைசிச் சொட்டு வரை பிழிந்தாயிற்று. இன்று மதியம் மட்டும் போனால் போகிறதென்று ஒரு மணி நேரம் வெயில் அடித்தது.

இப்போது மணி ஐந்தே முக்கால். அவளுடைய கருவியின் திரை கறுப்பாகவே இருந்தது.

ஆறு மணிக்குப் புள்ளி விழாவிட்டால் மகன் சும்மா இருக்கமாட்டான். ஒருமுறை அவள் ஒரு மணி நேரம் போனை எடுக்கவில்லை என்று தெருவையே கூட்டி வந்து பூட்டை உடைத்தவன். இன்றைக்கு மீட்புப் படையையே கூட்டி வருவான்.

“ஒயரை மாத்திச் சொருகிட்டேன் போல,” என்றார் அவர். “மதிய வெயிலெல்லாம் என்னோடதுக்குப் போயிடுச்சு. அதுக்கென்ன, இதுலேருந்தே ஒரு சேதி போட்டா ஆச்சு.”

அவர் நீட்டியதை வாங்கி, மகனுடைய எண்ணைப் போட்டு, ‘அம்மா நலம்’ என்று அடித்தாள்.

அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரல் நின்றுவிட்டது.

சேதியின் தலையில் கருவிக்காரரின் பெயர் போகும். அந்தப் பெயரை அவள் மகன் இதுவரை கேட்டதே இல்லை.

அவனைப் பொறுத்தவரை அம்மா ஒரு பெண்கள் குழுவோடு மலையேறுகிறாள். அவர் மகளைப் பொறுத்தவரை அப்பா பழைய வேலைத் தோழர்களோடு. அவள் கணவர் போய் ஒன்பது வருஷம், அவர் மனைவி போய் ஆறு. கிழிந்த மழைக்கோட்டைத் தைக்க அவர் கடைக்கு வந்து இரண்டு வருஷம்.

அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஷூவின் கயிற்றை மும்முரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாள்கூட ஒரு ஒயரை மாற்றிச் சொருகியதில்லை என்று அவளிடமே நூறு முறை பீற்றிக்கொண்ட மனிதர்.

கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரும் வழியிலேயே அது சிரிப்பாகிவிட்டது.

பொத்தானை அழுத்தினாள். சேதி போய்விட்டது.

அவர் இன்னும் நிமிரவில்லை. இரண்டு வருஷமாகத் தொண்டைவரை வந்து திரும்பிக்கொண்டிருந்த வார்த்தையை அந்தக் குனிந்த தலையைப் பார்த்துச் சொன்னாள்.

“ஊருக்குப் போனதும் வீட்டுக்கு வாங்க. என் பையன்கிட்ட என்னைப் பொண்ணு கேளுங்க.”